ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

எங்கள் வீட்டுப் பரணில் 14 நோட்டுகள் கிடந்தன. வருஷத்துக்கு ஒன்று, 1991 முதல் 2004 வரை. அப்பா கேரளத்தில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். திங்கட்கிழமை விடியக்காலையில் செங்கோட்டையிலிருந்து கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவார். மழை பெய்த காலையில் ரப்பர் வெட்டு நடக்காது. வெட்டு இல்லையென்றால் கூலிக் கணக்கு மாறும். அதனால் எஸ்டேட்டில் மழைக்கென்று தனி நோட்டு. பழைய பேப்பர் விலைக்குப் போக இருந்ததை அப்பா ஓய்வு பெற்று வரும்போது மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சாரல் காலம் வந்தால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்து மழை இப்ப எங்க பெய்யுது" என்று ஆரம்பித்துவிடுவார். சரி, கணக்குத்தான் கையில் இருக்கிறதே, போட்டுப் பார்த்துவிடலாம் என்று நோட்டுகளை இறக்கினேன். எனக்கு ஜெராக்ஸ், டிடிபி கடை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் தினம் கொஞ்சமாக எக்செலில் அடித்து முடிக்க நான்கு மாதம் ஆனது. மொத்தம் 5,114 நாள்.

மகள் பாளையங்கோட்டையில் புள்ளியியல் படிக்கிறாள். "எக்செல்ல கிராஃப் போடாதீங்கப்பா, ஆர் போட்டுக்கோங்க, காசு இல்ல" என்றாள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த மென்பொருள் அது. இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஆர். பட்டன் எதுவும் கிடையாது. வெள்ளைத் திரையில் ஒரு குறி மினுங்கும், நாம் கட்டளை அடிக்க வேண்டும். டிடிபியில் ஊறிய எனக்கு அது ஒரு மாதிரி டாஸ் காலத்துக்குத் திரும்பிப் போனதுபோல் இருந்தது.

கட்டளைகளை அவள் ஃபோனில் சொல்லச் சொல்ல டைரியில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன், இங்கேயும் அப்படியே தருகிறேன். கணினியில் அடிக்கும்போது அநேகமாக எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. ட்ரூ, என்ஏ (மதிப்பு இல்லை என்பதற்கு ஆர் போடும் குறி) இரண்டும் பெரிய எழுத்து. ஆஸ் டாட் டேட் என்பதில் டி மட்டும் பெரிய எழுத்து. இதில் ஒன்று மாறினாலும் அப்படியொரு கட்டளையே இல்லை என்று ஆர் சாதித்துவிடும். முதல் நாள் பாதி இதிலேயே போனது.

ஃபைலை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாகச் சேமித்து, ரீட் டாட் சிஎஸ்வி கொடுத்து உள்ளே எடுத்தேன். அடுத்து எஸ்டிஆர் போடச் சொன்னாள். எந்தப் பத்தியை எண்ணாக எடுத்திருக்கிறது, எதை எழுத்தாக எடுத்திருக்கிறது என்று அது சொல்லும். என் மழைப் பத்திக்கு எதிரே சிஎச்ஆர் என்று வந்தது. அப்படியென்றால் எழுத்து. காரணம், எஸ்டேட் கணக்கு இஞ்சிலும் சென்டிலும். இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நாற்பது சென்ட் மழையை நோட்டில் 0-40 என்றும், ஒரு இஞ்சு நாற்பதை 1-40 என்றும் எழுதியிருப்பார்கள். நானும் அப்படியே அடித்திருந்தேன். நடுவில் உள்ள கோட்டைப் புள்ளியாக மாற்ற சப் என்ற கட்டளை, அதை எண்ணாக்க ஆஸ் டாட் நியூமரிக். என்ஏக்கள் உண்டாகிவிட்டன என்று ஓர் எச்சரிக்கை சிவப்பில் வந்தது. என்னமோ சொல்கிறது என்று விட்டுவிட்டு சம்மரி கொடுத்தேன். அதிகபட்சம் 0.98 என்று காட்டியது.

அப்பாவிடம் சொன்னேன். "பதினாலு வருஷத்துல ஒரு இஞ்சுக்கு மேல பெய்யவே இல்லையா? யாருகிட்டடா கதை விடுத?" என்றார்.

எண்ணாக மாறாதவை எவை என்று தனியே எடுத்துப் பார்த்தேன். ஈஸ் டாட் என்ஏ என்று கேட்டு, அந்த வரிகளின் மூல எழுத்தை டேபிள் கட்டளைக்குள் போட்டால் பட்டியல் வந்துவிடும். ஜனவரி 40, அக்டோபர் 2 என்று தேதிகளாக வந்து விழுந்தன. வேலையைக் காட்டியது எக்செல். 0-40 என்று அடித்தால் அதற்கு அது தேதியாகத் தோன்றாது, அப்படியே விட்டுவிடும். 1-40 என்றால் 1940 ஜனவரி. 2-10 என்றால் அக்டோபர் 2. ஆக ஒரு இஞ்சுக்குக் குறைந்த மழையெல்லாம் பத்திரம், அதற்கு மேற்பட்ட பெருமழை அத்தனையும் காணோம். தப்பு ஒரே சீராக எல்லா இடத்திலும் விழுந்திருந்தால் கண்ணில் படாமலே போயிருக்கும். அடிக்கும் முன்பே பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றியிருக்க வேண்டும், அல்லது இஞ்சுக்கு ஒரு பத்தி, சென்டுக்கு ஒரு பத்தி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில் அந்த நாள்களை மட்டும் நோட்டைப் பார்த்துத் திரும்ப அடித்தேன். இஞ்சையும் சென்டையும் சேர்த்து 25.4 ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். அந்தப் பத்திக்கு எம்எம் என்று பெயர் வைத்தேன்.

தேதியிலும் ஒரு கூத்து. நாள்-மாதம்-வருஷம் என்ற வரிசையை ஆருக்குச் சொல்லும்போது வருஷத்துக்கு ஒய் என்று ஓர் எழுத்து கொடுக்க வேண்டும். நான் சின்ன ஒய் கொடுத்துவிட்டேன். பிளாட்(தேதி, எம்எம், டைப் = "எச்") என்று போட்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குச்சி நிற்கும், மழைக்கு அதுதான் பொருத்தமான படம். எனக்கு வந்ததோ இரண்டே இரண்டு புதர், 2019இல் ஒன்று, 2020இல் ஒன்று. சின்ன ஒய் என்றால் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும். 1998இல் முதல் இரண்டு இலக்கமான 19ஐ எடுத்து 2019 என்று வைத்துக்கொண்டது. 2003 போய் 2020 ஆனது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய ஒய் போட்டதும் குச்சிகள் 14 வருஷத்துக்கும் பரவி, ஆனி ஆடியில் அடர்ந்து, மாசி பங்குனியில் வெளிறி, பார்க்கவே ஒரு வயல் வரப்பு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஹிஸ்ட், எந்த அளவு எத்தனை நாள் வந்தது என்று கட்டம் கட்டமாக எண்ணிக் காட்டும் படம். சும்மா ஹிஸ்ட்(எம்எம்) என்று போட்டால் பூஜ்யத்தை ஒட்டி ஒரு கோபுரம், மற்றதெல்லாம் தரையோடு தரை. மழை இல்லாத நாள்களைக் கழித்துவிட்டுப் போட்டேன், கொஞ்சம் தேவலை. பிறகு பிரேக்ஸ் = 100 என்று சேர்த்தேன். எத்தனை கட்டமாகப் பிரிப்பது என்பதை ஆர் தானாக முடிவு செய்தால் கட்டங்கள் அகலமாக வந்து உள்ளே இருப்பதை மூடிவிடும். பொடியாக நறுக்கியபோதுதான் சீப்பின் பற்கள்போல் சில இடங்களில் மட்டும் உயரம் தெரிந்தது. சென்ட் பத்தியை மட்டும் எடுத்து, குறுக்கே தேதி, மேலே சென்ட் என்று வெறும் புள்ளிகளாகப் போட்டேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். புள்ளிகள் மணல் இறைத்ததுபோல் வந்துகொண்டே இருந்து, 1995இல் ஓரிடத்தில் திடீரென்று கோடு போட்ட நோட்டாக மாறின. 5, 10, 15, 20. நடுவில் ஒன்றுமில்லை. ஏழெட்டு மாதம் அப்படிப் போய், மறுபடி மணல்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "அளவு கிளாஸ் உடஞ்சிட்டு. புதுசு வார வரைக்கும் குச்சி விட்டு அளந்தோம்" என்றார். நோட்டில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு மழை இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் அளந்தவனின் கை எங்கே தெரிகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கிழமைவாரியாகப் பார்க்கும் யோசனையும் அப்படி வந்ததுதான். வீக்டேஸ் கட்டளை தேதியைக் கிழமையாக்கிக் கொடுக்கும். பாக்ஸ்பிளாட்(எம்எம் ~ கிழமை). நடுவில் உள்ள அந்த அலைக்குறிக்கு, இடதுபுறம் உள்ளதை வலதுபுறம் உள்ளதன்படி பிரி என்று பொருள். ஆங்கில அகரவரிசைப்படி வெள்ளி முதலில் வந்து நிற்கும். ஃபாக்டர் கட்டளைக்குள் லெவல்ஸ் என்று வரிசையை நாமே சொன்னால் ஞாயிறு முதல் சனி வரை ஒழுங்காக வரும். மாதங்களுக்கும் இதே தொல்லைதான், ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பரில் முடிக்கும்.

பாக்ஸ்பிளாட்டை ஜான் டூக்கி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1977இல் வந்த தம் நூலில் பரப்பினார். நடுப்பாதி அளவுகள் பெட்டிக்குள், பெட்டியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் வரை மீசை, அதைத் தாண்டியவை தனிப் புள்ளி. மழைக்கு இதைப் போட்டால் தனிப் புள்ளிகள் ஏகப்பட்டது வரும். அதையெல்லாம் பிழை என்று வெட்டிவிடக் கூடாது, மழையின் குணமே அப்படி. பல நாள் தூறல், ஒரு நாள் கொட்டு. நான் பார்த்தது புள்ளிகளை அல்ல. ஆறு கிழமைக்குப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பெட்டியே இல்லை, தரையில் ஒரு கோடு. திங்கட்கிழமைப் பெட்டி மட்டும் மற்றவற்றைவிடத் தலை உயர்ந்து நின்றது.

எண்ணிப் பார்த்தேன். 14 வருஷத்தில் 730 ஞாயிறு. அதில் 728இல் மழை பூஜ்யம்.

நோட்டைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் எண் இல்லை, மலையாளத்தில் ஏதோ ஒரு கிறுக்கல். எனக்கு மலையாளம் பேசினால் புரியும், எழுத்துத் தெரியாது. ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என நினைத்து நாலு மாதமும் பூஜ்யம் தட்டியிருக்கிறேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "அவதி."

"மழையினால அவதியா?"

"லீவுடா. மலையாளத்துல அவதின்னா லீவு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டில்லா. திங்கக்கிழமை போயித்தான ரெண்டு நாள் தண்ணியையும் சேத்து ஊத்தி அளக்கணும்."

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் எங்களுடையது. அப்பா அங்கே வேலை பார்த்துப் பார்த்து இரண்டு மொழியிலும் கணக்கு எழுதுவார். அவருக்கு இதில் சொல்ல வேண்டியது என்று எதுவும் தோன்றவில்லை, எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. மாத மொத்தத்துக்கு இதனால் பெரிய மோசமில்லை, மாதக் கடைசி ஞாயிறில் விழுந்தால் கொஞ்சம் அடுத்த மாதத்துக்கு நகரும், அவ்வளவுதான். ஆனால் மழை நாள் எத்தனை, ஒரே நாளில் அதிகம் எவ்வளவு என்று கேட்டால் பதில் தப்பு. வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் மழை நாள் என்று எண்ணும். இரண்டு நாள் தூறல் ஒரே நாளில் சேர்ந்தால் எண்ணிக்கை எப்படிச் சரியாகும்? ஞாயிறுகளை என்ஏ ஆக்கினேன், திங்களுக்குப் பக்கத்தில் 'இரண்டு நாள்' என்று தனிப் பத்தி. சராசரி எடுக்கும் மீன் கட்டளை உடனே என்ஏ என்று கையை விரித்தது. என்ஏ டாட் ஆர்எம் = ட்ரூ சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இங்கே ஒப்பிட இன்னொரு கணக்கும் கிடைத்தது. செங்கோட்டையில் இருந்த எங்கள் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்து மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் மில்லிமீட்டரில் எழுதி வைத்திருந்தார். 1996 முதல் 2004 வரை காலண்டர்கள் அத்தையிடம் பத்திரமாக இருந்தன. அவற்றையும் அடித்தேன். சம்மரி போட்டதும் அதிகபட்சம் 500. அதுவும் பங்குனி வெயிலில், செங்கோட்டையில், ஒரே நாளில் அரை மீட்டர் மழை! அது பால் கணக்கு. அரை லிட்டர் வாங்கிய அன்று அத்தை அதே கட்டத்தில் எழுதியது. மழை சிவப்பு மை, பால் நீலம். வெளுத்துப்போன காலண்டரில் இரண்டும் ஒரே பழுப்பு.

இரண்டு கணக்கையும் மெர்ஜ் கட்டளையால் தேதி வைத்துச் சேர்த்து, குறுக்கே எஸ்டேட், மேலே செங்கோட்டை என்று புள்ளிப்படம் போட்டேன். பெரிய எண்கள் படத்தை இழுத்துவிடாமலிருக்க இரண்டுக்கும் வர்க்கமூலம் எடுத்தேன், எஸ்கியூஆர்டி. மடக்கை எடுக்கலாமே என்று தோன்றும், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. பருவத்துக்கு ஒரு நிறம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிவப்பு. நீலம் நான் எதிர்பார்த்தபடியே வந்தது, எஸ்டேட் அச்சை ஒட்டித் தரையில் படர்ந்த கொடி. தென்மேற்கு மேகம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்குச் சாரலை மட்டும் அனுப்பும். பஸ்ஸில் புளியரை எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் தாண்டினால் கண்ணாடியில் வைப்பர் வேகம் மாறுவது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சிவப்புதான் இடித்தது. வடகிழக்குப் பருவமழை இரண்டு பக்கமும் பெய்வது, புள்ளிகள் சாய்வாக மேலேற வேண்டும். எனக்கு வந்ததோ எழுத்து எல் வடிவம். அங்கே பெய்தால் இங்கே இல்லை, இங்கே பெய்தால் அங்கே இல்லை. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்ல கார் கட்டளை கொடுத்த தொடர்பெண்ணும் சிறியது. அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடர்பில்லை என்று முடித்திருப்பேன். மகள்தான் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளரின் கதையைச் சொன்னாள். அவர் 1973இல் நான்கு சிறிய பட்டியல்கள் தயாரித்தார். நான்கிலும் சராசரியும் ஒரே அளவு, தொடர்பெண்ணும் 0.816. படம் போட்டால் ஒன்று சாதாரணச் சாய்வு, ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டுக்கு வெளியே ஒரே ஒரு புள்ளி, நான்காவது செங்குத்துத் தூணும் எட்டத்தில் ஒரு புள்ளியும். "எண்ணை நம்பாதீங்கப்பா, ஒருநாள் தள்ளி வச்சுப் பாருங்க."

அதற்கு சிசிஎஃப் என்று ஒரு கட்டளை. ஒரு கணக்கை முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளாக நகர்த்தி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று குச்சிகளாகக் காட்டும். என்ஏ இருந்தால் அடம் பிடிக்கும்; என்ஏ டாட் ஆக்‌ஷன் = என்ஏ டாட் பாஸ் என்று சமாதானம் செய்ய வேண்டும். உயரமான குச்சி பூஜ்யத்தில் இல்லை, ஒன்றில் நின்றது. எஸ்டேட் கணக்கு ஒரு நாள் பிந்தி ஓடுகிறது.

அத்தையிடம் கேட்டேன். "மாமா காலையில எந்திரிச்சு அளப்பாவ, நேத்துக் கட்டத்துல எழுதுவாவ. ராத்திரி பெஞ்ச மழை நேத்து மழைதான?" என்றாள். எஸ்டேட்டில் அளந்த நாளின் தேதியிலேயே எழுதுவார்கள், காலை 8.30க்கு அளந்து அன்றைய தேதியில் போடும் வானிலைத் துறை வழக்கமும் அதுதான். மாமா பக்கம் நியாயம், அப்பா பக்கம் நடைமுறை. மாமாவின் தேதியோடு ஒன்றைக் கூட்டித் திரும்பப் போட்டதும் சிவப்புப் புள்ளிகள் சாய்ந்து மேலேறின. நீலம் அசையவே இல்லை.

மாத பாக்ஸ்பிளாட்டை அப்பாவுக்காகத் தமிழ் மாதப் பெயர்களோடு அச்சடிக்க ஆசைப்பட்டேன். பிடிஎஃப் கட்டளை தமிழ் எழுத்தை எழுதத் தெரியாமல் புள்ளிகளாகக் கொட்டியது. கெய்ரோ அடிக்கோடு பிடிஎஃப் என்ற கட்டளையில் சரியாக வந்தது. முடிந்ததும் டெவ் டாட் ஆஃப் கொடுக்க மறந்தால் ஃபைல் திறக்காது. மழை குறைந்ததா என்ற அப்பாவின் கேள்விக்கு வருஷ மொத்தங்களைக் கோடாக வரைந்து காட்டினேன். ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு பக்கமாகப் போகவில்லை. 14 வருஷத்தை வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அவருக்குத் திருப்தியில்லை.

விட்டுப்போன ஒன்று, அந்த 730இல் மிச்சமிருந்த இரண்டு ஞாயிறு. பூட்டிக் கிடந்த ஆபீசில் மழை அளந்தது யார்? விச் கட்டளை வரி எண்ணைக் கொடுத்தது: 1998 ஜூலை 5, ஜூலை 12. அந்த மாதத்தின் நோட்டுப் பக்கத்தை எடுத்தேன். ஞாயிறு 5ஆம் தேதிக்கு நேரே எண் இருந்தது. திங்கள் 6ஆம் தேதிக்கு நேரே, வேலை நாளில், இப்போது எனக்கும் பழகிவிட்ட அந்த மலையாளக் கிறுக்கல்: அவதி.

1998 ஜூலையைச் சிவப்புக் கோடாகப் போட்டேன். அதன் மேல் லைன்ஸ் கட்டளையால் 1997 ஜூலையை நீலக் கோடாகப் போட்டேன். 16ஆம் தேதியிலிருந்து இரண்டு கோடும் தனித்தனியே ஓடின. 1 முதல் 15 வரை நீலம் மட்டும்தான் தெரிந்தது. சிவப்பு அதற்கு நேர் அடியில், ஒரு சென்ட்கூடப் பிசகாமல். 1997இல் ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை.

மானிட்டரை அப்பா பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"அந்தப் பதினஞ்சு நாளும் ஒங்கக்கா கல்யாண வேலையில்லாடா" என்றார்.

பதினைந்து வரிகளையும் என்ஏ ஆக்கினேன்.